நாலுக்கு இரண்டரை அடியில் ஓர் ஆபீஸ்



ஆபீஸ் என்றதும் கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி, குளிர்சாதனம் இதெல்லாம் உங்கள் மனக்கண்ணில் வந்திருக்கும். "ஒன்றரை சென்ட் வீட்டில் கட்டில் போட்டால் பீரோ போட இடமில்லை, இவர் ஆபீஸ் வைக்கச் சொல்கிறாரே!" என்று சிரிக்கவும் செய்வீர்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள். எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே வைத்துவிட்டு, பொங்குகிற பாலை இறக்கப் போய்த் திரும்பி வந்தால், பேனா வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஆபீஸ் என்று நான் சொல்வது அந்த இடத்தைத்தான். அதற்கு நாலடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதும்.

இது யாருக்கு வேண்டும்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது விளாங்குறிச்சி டைடல் பார்க்கில் வேலை பார்த்த பெண்பிள்ளைகள் பலர், கட்டில்மேல் தலையணையை வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து வேலை செய்ததைப் பார்த்தோம். கழுத்து வலியும் முதுகு வலியும் தங்கிவிட்டன. ஆனால் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இது தேவை என்று நினைக்காதீர்கள். பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர், திருப்பூர் கம்பெனிக்குப் பீஸ் வேலை செய்பவர், டியூஷன் எடுப்பவர், போனிலேயே சேலை விற்பவர், சுயஉதவிக் குழுக் கணக்கு எழுதுபவர் இவர்களுக்கெல்லாம் வேண்டும். இவை எதுவுமே இல்லாமல், மளிகைக் கணக்கையும் பிள்ளைகள் ஃபீஸையும் இன்சூரன்ஸ் தவணையையும் பார்த்துக்கொள்கிற இல்லத்தரசிக்கும் வேண்டும்.

நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. மண்டிகளிலும் ஜவுளிக் கடைகளிலும் கணக்குப்பிள்ளை தரையில் திண்டு போட்டு உட்கார்ந்து, சாய்வுப் பலகை வைத்த சின்னப் பெட்டியில் பேரேடு எழுதுவார். மூடியைத் தூக்கினால் உள்ளே மைக்கூடு, ரசீது, சில்லறை எல்லாம் இருக்கும். தோட்டத்து வீடுகளில் ஆசாரத்து மூலையில் அப்புச்சிக்கு ஒரு பெட்டி இருந்தது. அதைத் தொட்டால் திட்டு விழும். அம்மாயிக்கு மட்டும் தனியாகப் பெட்டி கிடையாது. பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார். பணம் அரிசிப் பானைக்குள், ரசீது அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டில். 1944-ல் கோவையில் பிறந்த எழுத்தாளர் அம்பை தம் சிறுகதை ஒன்றுக்கு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம், சமையலறை மூலை ஒன்று இருக்கட்டும், கூடவே கணக்கு மூலை ஒன்றும் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

கணக்கு மூலை இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்களுக்காக, எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் பரவின. எங்கள் குழுவில் 14 பேர். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, உறுப்பினர்களின் பாஸ்புத்தகங்கள் என்று ஒரு பை நிறைய இருக்கும். கணக்கு எழுதுபவர் எங்கள் எதிர்வீட்டுச் சகோதரி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அந்தப் பைக்கு வீட்டில் இடமில்லை. ஒரு நாள் கட்டிலுக்கடியில், ஒரு நாள் பிரிட்ஜ் மேல், விருந்தாளி வந்தால் அட்டாலியில்.

2022-ல் ஒரு நாள் பிரிட்ஜ் மேலிருந்த பால் பாத்திரம் சரிந்து பை முழுக்க நனைந்துவிட்டது. ரொக்கப் புத்தகத்திலும் கடன் பேரேட்டிலும் சில பக்கங்களில் மை கரைந்து ஒன்றும் தெரியவில்லை. ஓர் உறுப்பினர், "நான் மூணு தவணை, மூவாயிரம் கட்டிட்டேனுங்க" என்கிறார். மற்றவர்களுக்கு நினைவில்லை. ஆறு வாரக் கூட்டமும் இதே பேச்சு. யாரும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் சந்தேகம் கட்டினவர்மேல் பாதியும் எழுதினவர்மேல் பாதியுமாக விழுந்தது. இரண்டு தவணைக்கு உறுப்பினரின் பாஸ்புத்தகத்தில் கையெழுத்து இருந்தது. மூன்றாவது தவணை பேங்கில் செலுத்திய சலானில் இருந்தது. அந்தச் சலான் எங்கே கிடைத்தது தெரியுமா? சமையலறைக் கம்பியில், பின்பக்கம் மளிகைச் சாமான் பட்டியலோடு குத்தியிருந்தது!

கணக்கு நேரானது. ஆனால் அந்தச் சகோதரி அன்றைக்குச் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "பணம் போனாச் சம்பாரிச்சுக்கலாமுங்க. பேரு போனா எங்கீங்க போய்ச் சம்பாரிக்கிறது?"

அதனால்தான் சொல்கிறேன், இது அலங்கார விஷயமே அல்ல. பிறர் பணத்தையும் தன் உழைப்பையும் கையாளுகிற பெண்ணுக்கு அவளுடைய நல்ல பெயரைக் காப்பாற்றும் இடம் இது. குழுவினர் சேர்ந்து அவருக்கு மூலை அமைத்துக் கொடுத்தோம். அதையே உதாரணமாக வைத்துச் சொல்லுகிறேன்.

இடம் பார்ப்பது

முதலில் எதிர்ப்பு மாமியாரிடமிருந்து வந்தது. "ஒறம்பரை வந்தா எங்க உக்கார வெக்கறது கண்ணு?" என்றார். நியாயமான கேள்விதான். பெரியவர்களிடம் வாதாடாதீர்கள். அளவு நாடாவை எடுத்து, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டுங்கள். இரண்டு நாள் அந்தக் கோட்டை வீட்டார் தாண்டி நடக்கட்டும். இடிக்கிறதா, கதவு திறக்கிறதா, கட்டில் போட முடிகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு ஆசாரத்தின் கடைக்கோடியில், ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது.

சமையலறைச் சுவரை ஒட்டி வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் காகிதத்துக்கு ஆகாது. குளியலறையின் பின்சுவரும் கூடாது, ஓதம் ஏறும். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரம் தெரிந்தாலோ, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தாலோ அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். மாடிப்படிக்கு அடியில் இடமிருந்தால் நல்லது. ஆனால் உட்கார்ந்து எழும்போது தலை இடிக்காத உயரம் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று இன்னொரு விஷயம் உண்டு, காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளையே சுற்றுகிறது. நம் ரசீதுக்கு மட்டும் சும்மா இருக்குமா? மேற்கு ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தால் காகிதம் பறந்து பொடக்காளிக்குப் போய்விடும். பக்கவாட்டில் உட்காருங்கள். காகிதத்தின்மேல் வைக்கக் கண்ணாடி உருண்டை வாங்க வேண்டாம். பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் நம்முடையது, லேத்தில் கழித்த இரும்புத் துண்டு ஒன்றுக்கு வார்னீஷ் அடித்து வைத்தால் ஆயுசுக்கும் போதும்.

மேஜை உங்கள் அளவுக்கு

கடையில் விற்கிற மேஜை பெரும்பாலும் 29, 30 அங்குல உயரம். நம் வீட்டுப் பெண்களில் ஐந்தடியும் அதற்குக் குறைவுமானவர்கள் எத்தனையோ பேர். அந்த மேஜையில் எழுதினால் தோள் தூக்கிக்கொள்ளும், சாயங்காலம் பிடரி வலிக்கும். அமெரிக்காவில் கிறிஸ்டீன் ஃப்ரெடரிக் என்ற இல்லத்தரசி 1912-லிருந்து பெண்கள் பத்திரிகையில் வீட்டு வேலைகளை ஆராய்ந்து எழுதினார். வேலை செய்கிற பெண்ணின் உயரத்துக்குத் தக்கபடி மேடையின் உயரம் மாற வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாம் இன்னும் கடைக்காரர் கொடுத்த உயரத்துக்கு நம் உடம்பை வளைத்துக்கொண்டிருக்கிறோம்.

அளக்கும் முறை சுலபம். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய, முழங்கால் நேராக மடங்க உட்காருங்கள். கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். முழங்கை நிற்கிற உயரம்தான் உங்கள் மேஜையின் உயரம். ஐந்தடி உயரமுள்ளவருக்கு நாற்காலி 15, 16 அங்குலமும் மேஜை 25, 26 அங்குலமும் சுமாராகச் சரியாக வரும். வீட்டில் ஏற்கெனவே உயரமான மேஜை இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். நாற்காலியில் திண்டு வைத்து உயர்த்திக்கொண்டு, காலுக்கடியில் மணைக்கட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டில் பொடக்காளியில் சாய்த்து வைத்திருந்த பழைய வேப்பமரக் கதவை அறுத்துப் பலகையாக்கினோம். சுவரில் கீல் வைத்து, இரண்டு பக்கமும் சங்கிலி மாட்டினார் ஆசாரி. வேலை முடிந்தால் பலகையை மடக்கிவிடலாம். விருந்தாளி வந்தால் கட்டிலும் போடலாம். அதைப் பார்த்த பிறகுதான் மாமியாருக்கு முகம் மலர்ந்தது. மடக்குப் பலகைமேல் கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது என்பதை மட்டும் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். அவர்களுக்கு வேறு வழி உண்டு. மோட்டார் வைத்த மிஷின் வந்தபின் மூலையில் கிடக்கிற பழைய தையல் மிஷினின் இரும்பு ஸ்டாண்டுமேல் பலகையோ கடப்பாக் கல்லோ போட்டால் ஆடாத மேஜை கிடைக்கும். கல் கனமானது, ஸ்டாண்டோடு நன்றாகப் பொருத்தச் சொல்லுங்கள், விளிம்பையும் உருட்டிவிடச் சொல்லுங்கள்.

தரையில் உட்கார்ந்து எழுதிப் பழகியவர்கள் கணக்குப்பிள்ளை மாதிரி சாய்வுப் பலகை வைத்துக்கொள்ளலாம். பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, முதுகைச் சுவரோடு சேர்த்து உட்காருங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு மட்டும் இது வேண்டாம்.

நாற்காலிக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. கைப்பிடி இல்லாத, நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலி போதும். இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வையுங்கள். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து நாலு நடை நடந்து வாருங்கள்.

வெளிச்சமும் மின்சாரமும்

வலக்கையால் எழுதுகிறவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும். இடக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம். கம்ப்யூட்டர் வைப்பவர்கள் ஜன்னல் முகத்துக்கு நேராகவோ முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்குக் கழுத்து வளைகிற எல்.ஈ.டி. விளக்கு ஒன்று போதும். லேப்டாப்பை நாலைந்து தடித்த புத்தகங்களின்மேல் உயர்த்தி, கீபோர்டைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டால் கழுத்து குனியாது. 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் இருக்கிற எதையாவது 20 விநாடி பாருங்கள். கண் ஓய்வெடுக்கும்.

ஒரே பிளக்கிலிருந்து ஒயரை இழுத்து, அதிலிருந்து இன்னொரு ஒயரை இழுக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. இஸ்திரிப் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, எர்த் உள்ள பிளக் பாயின்ட் ஒன்று தனியாகப் போடுவதுதான் பத்திரம்.

கைக்கெட்டும் தட்டு

1926-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர்தான். ஜன்னலடியில் வேலை மேஜை, உட்கார்ந்தே வேலை செய்ய ஸ்டூல், நகர்த்தக்கூடிய விளக்கு, பெயர் எழுதிய சின்னச் சின்ன டப்பாக்கள் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்து வைத்தார். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. சின்ன இடம் என்றால் ஒவ்வொரு சாமானுக்கும் பெயரும் இடமும் வேண்டும் என்ற அவருடைய பாடம் நம் மூலைக்கும் பொருந்தும்.

மேஜைக்கு மேலே, உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் பத்து அங்குல அகலத் தட்டு ஒன்று போடுங்கள். தினமும் எடுப்பவை மட்டும் அதில் இருக்கட்டும். மாதம் ஒரு தரம் எடுப்பவை அதற்கு மேல் தட்டில். வருஷத்துக்கு ஒரு தரம் எடுப்பவை அட்டாலியில், மூடியுள்ள தகரப் பெட்டிக்குள். காகிதங்களை ஐந்து ஃபைலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஃபைல் வீடு: பத்திர நகல், பட்டா, சொத்து வரி, மின் கட்டணம், வாடகை ஒப்பந்தம்.

இரண்டாவது பணம்: பாஸ்புத்தகம், வைப்புநிதி ரசீது, இன்சூரன்ஸ், நகைக் கடன் சீட்டு.

மூன்றாவது ஆட்கள்: ரேஷன் கார்டு, ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றுகள்.

நாலாவது உடம்பு: டாக்டர் சீட்டு, பரிசோதனை முடிவுகள், தடுப்பூசி அட்டை. தேதிவாரியாக அடுக்குங்கள்.

ஐந்தாவது உங்கள் தொழில்: ஆர்டர், வரவு, செலவு, குழுக் கணக்கு.

ஃபைலுக்குக் காசு செலவழிக்க மனமில்லையா? பழைய சென்னிமலைப் பெட்ஷீட்டை வெட்டி, ஐந்து நிறத்தில் உறை தைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கூட, "மஞ்சள் பையை எடுங்க" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் வைத்து மாதம் ஒரு தரம் மாற்றுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்துருண்டை வேண்டாம், மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். மழைக்காலம் முடிந்ததும் எல்லாக் காகிதத்தையும் நிழலில் காற்றாட வையுங்கள். அசல் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது.

2023 ஜூலையில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்ப முகாம்கள் நடந்தபோது, ரேஷன் கார்டு, ஆதார், மின் கட்டண ரசீது, பாஸ்புத்தகம் கேட்டார்கள். எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் பீரோ தலைகீழாகக் கவிழ்ந்தது தெரியுமா? எதிர்வீட்டுச் சகோதரி ஐந்து நிமிஷத்தில் மூன்று உறைகளை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய்விட்டார்.

பாஸ்புத்தகத்தை அடுக்குகிற அன்றைக்கே அதில் நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். இன்சூரன்ஸ் தவணை மாதத் தவணையானால் 15 நாளும், மற்றவைக்கு 30 நாளும் கருணைக் காலம் உண்டு. அதைத் தாண்டினால் பாலிசி காலாவதியாகிவிடும். தவணைத் தேதிகளைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து, மூலைக்கு எதிரே மாட்டுங்கள். இழுப்பறைச் சாவி எங்கே என்பது வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நமக்கு ஒன்று ஆகிவிட்டால் அவர்கள் இருட்டில் தேடக் கூடாது அல்லவா?

செலவு என்ன ஆயிற்று?

2022-ல் ஆன கணக்கு இது. ஆசாரி கூலி 1,100, கீல், சங்கிலி, ஸ்க்ரூ 180, உப்புத்தாளும் வார்னீஷும் 320, எலக்ட்ரீஷியனுக்கு 450, விளக்கு 350, நாற்காலி 650. ஆக மொத்தம் 3,050 ரூபாய். இதில் விளக்குக்கும் நாற்காலிக்குமான ஆயிரம் ரூபாயைக் குழுவின் பொதுநிதியிலிருந்து கொடுப்பது என்று முறையாகத் தீர்மானம் எழுதி, 14 பேரும் கையெழுத்துப் போட்டோம். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், மாமியார் தம் கண் சொட்டு மருந்தையும் முதியோர் உதவித்தொகைச் சீட்டையும் அங்கேதான் வைத்திருக்கிறார். "அங்க வெச்சாத் தொலையாது கண்ணு" என்கிறார்!

கடைசியாக ஒரு சட்டம்

மூலை அமைப்பது ஒரு நாள் வேலை. காப்பாற்றுவதுதான் தினசரி வேலை. காய்ந்த துணி, பூ, சில்லறை, போன் சார்ஜர், பாதி தின்ற முறுக்கு இவையெல்லாம் காலி மேஜையைக் கண்டால் தாமாக வந்து ஏறிக்கொள்ளும். "இந்தப் பலகைமேல் இந்த வேலை தவிர வேறொன்றும் கூடாது" என்று முதல் வாரமே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். கோபமாக வேண்டாம், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் உங்களைக் கூப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மா அங்கே உட்கார்ந்தால் வேலை செய்கிறாள் என்று பிள்ளைகள் பார்த்துப் பழக வேண்டும். மகனுக்கும் அது தெரிய வேண்டும், மகளுக்கு அதைவிட அதிகமாகத் தெரிய வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு, தையல் நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். நாலடிக்கு இரண்டரை அடி எங்கேயாவது ஒளிந்திருக்கும். கிடைத்ததும் அளவோடு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த இதழில் அட்டாலியை ஒழித்து, சுத்தம் செய்து, திரும்ப அடுக்குவது பற்றி எழுதுகிறேன்.